பித்தளைக் குடம் – ஒன்று

ஆகஸ்ட் 20, செவ்வாய்

மகள் பகவதியின் நிச்சயதாம்பூலத்துக்குத் தேதி குறித்தாயிற்று. செப்டம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை, வளர்பிறை. பெண் வீட்டில் வைப்பதுதான் முறை என்பதால் நம் வீட்டில், தென்காசியில். மாப்பிள்ளை நவநீதன் மின்வாரியத்தில் இன்ஜினியர், பாவூர்சத்திரம். கால் ஒடிந்த நாயைத் தூக்கிக்கொண்டு பகவதியின் கால்நடை ஆஸ்பத்திரிக்கு வந்தவர். நாய்க்கு ஒன்றரை மாதத்தில் கால் சரியாகிவிட்டது. ஆனாலும் எட்டு மாதம் தொடர்ந்து தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார். எனக்கு இந்த விவரம் போன மாதம்தான் சொல்லப்பட்டது.

அவருக்கு அப்பா இல்லை. அம்மா சொர்ணத்தம்மாள் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பெண் பார்க்க வந்தபோது அதிகம் பேசவில்லை. என் மனைவி உலகம்மாள் அவரிடம், "அவங்க கோர்ட்டுல உத்தியோகம் பாத்து ரிட்டையர் ஆனவங்க" என்று என்னைப் பற்றிச் சொன்னாள். அதில் பொய் ஒன்றும் இல்லை. நான் கோர்ட்டு அமீனா. கடன் கட்டாதவர் வீட்டுக்குப் போய், உத்தரவைக் காட்டி, சாமான்களை ஜப்தி செய்து, பட்டியல் எழுதி, ஏலம் விடுவது என் வேலை. முப்பத்தொரு வருஷம் செய்தேன். சம்பந்தம் பேசும் இடத்தில் அதை விவரமாகச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை என்பது உலகம்மாளின் கட்சி. நானும் மறுக்கவில்லை.

அறுபது பேர் வருவார்கள். ஹாலில் ஆறு பேர் உட்கார இடமில்லை. நடைப்பயிற்சி மெஷின், மீன் தொட்டி, குண்டு டி.வி., பிரம்பு சோபா என்று அடைந்து கிடக்கிறது. பகவதி என் போனில் 'மூணு தரம்' என்று ஒரு ஏல ஆப் போட்டுக் கொடுத்தாள். படம் எடுத்து, கீழே நாலு வரி எழுதினால் ஆட்கள் போட்டி போட்டு விலை கேட்பார்களாம்.

"எப்படி எழுதணும்னு நான் சொல்லித்தாரேன்பா" என்றாள்.

ஏலம் விடுவதற்கு எனக்குச் சொல்லித் தருகிறாளாம்.

ஆகஸ்ட் 22, வியாழன்

முதல் பொருளைப் பதிவு செய்தேன். வாசகம் பின்வருமாறு:

"பழைய, உபயோகித்த நடைப்பயிற்சி மெஷின் – 1. கருப்பு நிறம். கைப்பிடி தேய்ந்தது. மேற்படி பொருள் உள்ளது உள்ளபடி, எங்கு உள்ளதோ அங்கேயே ஏலம் விடப்படும். பின்னால் எழும் எந்த ஆட்சேபணையும் ஏற்கப்பட மாட்டாது. இப்படிக்கு, சு. ஆவுடையப்பன்."

பகவதி படித்துவிட்டு முதலில் நின்றுகொண்டு சிரித்தாள், பிறகு உட்கார்ந்துகொண்டு சிரித்தாள். "யப்பா, இது விளம்பரமா, வாரண்டா?" என்றாள். சிரிக்கட்டும். என் வாசகத்தில் ஒரு வக்கீலும் இன்றுவரை ஓட்டை கண்டுபிடித்ததில்லை.

ஆகஸ்ட் 24, சனி

மெஷினை ஒருவரும் கேட்கவில்லை. ஆனால் வீட்டுக்கு ஆட்கள் வருகிறார்கள்.

காலையில் எதிர்வீட்டு ராஜமணி டீச்சர் ஒரு தூக்கில் புளியோதரையோடு வந்தார். உலகம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு, "எவ்வளவு கடன்னு கேக்க மாட்டேன் உலகு. மனச விட்றாத" என்றார். உலகம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. டீச்சரின் மருமகன் ஆப்பில் என் அறிவிப்பைப் பார்த்துவிட்டு, எங்கள் வீட்டில் ஜப்தி நடக்கிறது என்று சொல்லியிருக்கிறான். பத்து மணிக்குப் பால்காரர் வந்து, மாதக் கடைசிக்கு ஒரு வாரம் இருக்கும்போதே, "எனக்குள்ளத மட்டும் செட்டில் பண்ணிருங்க அண்ணாச்சி" என்று தலையைச் சொறிந்தார். சாயங்காலம் என் மச்சினன் ஆலங்குளத்திலிருந்து போன் செய்து அழுதான்.

உலகம்மாள் என்னிடம் மதியம் முதல் பேசவில்லை. புளியோதரை நன்றாக இருந்தது.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

பகவதி எதிரில் உட்கார்ந்து விசாரணை நடத்தினாள்.

"எதுக்குப்பா எல்லாத்துக்கும் முன்னால 'பழைய'னு போடுதீங்க?"

அது எங்கள் தொழிலின் பாலபாடம். பட்டியலில் 'நல்ல கட்டில்' என்று எழுதி, ஏலத்தில் அது மட்டமான விலைக்குப் போனால், நல்ல கட்டில் ஏன் இந்த விலைக்குப் போயிற்று என்று இரண்டு பக்க வக்கீலும் அமீனாவைத்தான் பிடிப்பார்கள். அதனால் நேற்று வாங்கிய கட்டிலாக இருந்தாலும் 'பழைய கட்டில்'. கூடவே ஒரு குறையையும் சேர்த்துவிட்டால் மிகவும் பத்திரம். தேய்ந்த, விரிசல் கண்ட, நசுங்கிய. இந்த மூன்று சொல்லை வைத்தே முப்பத்தொரு வருஷம் ஓட்டினேன்.

"இது நம்ம வீட்டுச் சாமான். வக்கீல் கெடையாது. இத யாரு வாங்கினா, எதுக்கு வாங்கினா, அத எழுதுங்க" என்றாள்.

எழுதினேன்:

"2019 தைப்பொங்கலன்று என் மனைவி தினமும் நாற்பது நிமிஷம் நடப்பதாகச் சபதம் செய்து வாங்கிய மெஷின். மூன்று நாள் நடந்தார். நான்காம் நாள் முதல் இதில் துணி காய்கிறது. ஆகவே மெஷின் நடந்து களைக்கவில்லை. கைப்பிடி தேய்ந்திருப்பது ஈரப் போர்வையால். உங்கள் வீட்டில் நிஜமாகவே நடக்கிறவர் இருந்தால் இதற்கு விடிவுகாலம்."

உலகம்மாள் வாசித்தாள். "மூணு நாளா? அஞ்சு நாள் நடந்தேன்" என்றாள். நேற்று மதியத்துக்குப் பிறகு பேசிய முதல் வார்த்தை. ஐந்து என்று திருத்திப் பதிவு செய்தேன்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

பதினொரு பேர் கேட்டிருக்கிறார்கள்! கடையத்திலிருந்து ஒருவர், "எங்க வீட்லயும் அஞ்சு நாள்தான் நடப்பாங்க, பரவால்லயா?" என்று கேட்டு எழுதியிருந்தார். பரவாயில்லை, மெஷினுக்குப் பழகிய வாழ்க்கை என்று பதில் போட்டேன். அதற்கு நாற்பது பேர் சிரிக்கும் முகம் போட்டிருக்கிறார்கள். இந்த வயதில் முகம் தெரியாத நாற்பது பேரைச் சிரிக்க வைத்தேன். வாசலில் நின்று தெருவை ஒரு முறை பார்த்துவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 29, வியாழன்

மெஷின் கடையத்துக்குப் போய்விட்டது. துணி காயப் போட இடமில்லை என்று உலகம்மாள் புலம்புகிறாள். சாரல்.

செப்டம்பர் 1, ஞாயிறு

மீன் தொட்டி விற்றது. 'இதில் கடைசியாக வாழ்ந்தவர் பெயர் தாசில்தார். ஆரஞ்சு நிறம். யாரையும் மதிக்க மாட்டார். ஆறு வருஷம் இருந்து இயற்கையாகக் காலமானார். தொட்டியில் கசிவு இல்லை, துக்கம் உண்டு' என்று எழுதியிருந்தேன். ஒரு தாசில்தாரே வாங்கியிருக்கிறார். குண்டு டி.வி.யைச் சுரண்டையில் ஒரு சலூன்காரர் எடுத்தார்.

எனக்கு ருசி கண்டுவிட்டது. வீட்டுக்குள் நடந்து அடுத்து எதை எழுதலாம் என்று பார்க்கிறேன். உலகம்மாள் கிரைண்டர் முன்னால் போய் நின்றுகொண்டு, "இதத் தொட்டீங்கன்னா உங்களத்தான் படம் எடுத்துப் போடுவேன்" என்றாள். என்ன எழுதுவாய் என்று கேட்டேன். "பழைய, உபயோகித்த, சத்தம் அதிகம்" என்றாள் பட்டென்று.

தொழில் அவளுக்கும் வந்துவிட்டது.

செப்டம்பர் 4, புதன்

மாப்பிள்ளை போன் செய்தார். என் அறிவிப்புகள் எல்லாவற்றையும் ஆபீஸில் வாசித்துக் காட்டினாராம். "அம்மாட்டயும் காட்டினேன் மாமா. மொதல்ல இருந்து எல்லாத்தையும்" என்றார். பிறகு குரல் இறங்கியது. "அம்மா ஞாயித்துக்கெழமை உங்களப் பாக்க வரணும்னு சொல்லுதாங்க. தனியா."

எதற்கென்று அவருக்கும் தெரியவில்லையாம். முதலிலிருந்து என்றால் அந்த முதல் மெஷின் அறிவிப்பும் சேர்த்தி. அதை அன்றே அழித்திருக்க வேண்டும்.

செப்டம்பர் 5, வியாழன்

பிரம்பு சோபா போயிற்று. மகிழ்ச்சி இல்லை.

செப்டம்பர் 7, சனி

பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டை இருபத்தொன்று. நான் இரண்டுதான் சாப்பிட்டேன். பகவதி ஒன்று. அவள் யாரிடமும் எதுவும் கேட்காமல் ஹாலை இரண்டு முறை பெருக்கினாள்.

செப்டம்பர் 8, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பதினொரு மணிக்குச் சொர்ணத்தம்மாள் பஸ்ஸில் வந்தார். காலியாகக் கிடந்த ஹாலின் நடுவே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னோம். உலகம்மாள் காபி கொண்டுவந்தாள். வேண்டாம் என்றார். பைக்குள்ளிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தார். நாலாக மடித்து மடித்து, மடிப்பில் கிழிந்து, பின்னால் பசைத்தாள் ஒட்டிய காகிதம்.

என் கையெழுத்து. 2005 ஜூலை 19 தேதியிட்ட ஜப்திப் பட்டியல். கடன்காரர் வீட்டில் ஒரு நகல் கொடுத்துவிட்டு வர வேண்டும் என்பது விதி.

"நவநீதன் போன்ல காட்டுனான். 'மேற்படி பொருள் உள்ளது உள்ளபடி'ன்னு வாசிச்சதுமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. இந்த எழுத்த நான் பத்தொம்பது வருசமா வச்சிருக்கேன் அமீனா ஐயா."

அமீனா என்ற சொல்லைக் கேட்டதும் உலகம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

நான் அந்த வீட்டை நினைவுபடுத்திப் பார்த்தேன். வரவில்லை. அவர் சொன்னார்: புருஷன் யாருக்கோ ஜாமீன் கையெழுத்துப் போட்டது, அந்த ஆள் ஓடிப்போனது, வேறு ஊரில் அப்போது அவர்கள் இருந்த வீடு, பின்வாசலில் வேப்பமரம். எதுவும் நினைவில் இல்லை. இரண்டாயிரம் வீட்டுக்காவது போயிருப்பேன். எல்லா வீட்டிலும் ஒரு பெண் கதவோரம் நின்றிருப்பாள். நான் முகத்தைப் பார்ப்பதில்லை, சாமானைத்தான் பார்ப்பேன். பார்த்தால் எழுத முடியாது.

"நினைவில்லம்மா" என்றேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

"நீங்க உங்க வேலையப் பாத்தீங்க. தாலியத் தொடல. சோத்துச் சட்டியத் தொடல. ஒரு மரியாதக் கொறவாப் பேசல. அதெல்லாம் நான் கொற சொல்லல. இதப் படிங்க." விரலை ஆறாவது வரியில் வைத்தார்.

படித்தேன். "பழைய, நசுங்கிய பித்தளைக் குடம் – 1."

"எங்க கொடம் நசுங்கலய்யா."

அந்த வரியை இன்னொரு முறை படித்தேன்.

"எங்கப்பா எனக்குச் சீரா செஞ்சு குடுத்த கொடம். வயித்தச் சுத்தி சுத்தியல வச்சுச் சின்னச் சின்னதா குழி போட்டிருக்கும், மூணு வரிச. அழகுக்குப் போட்டது! வெயில்ல வச்சா ஒவ்வொரு குழிலயும் ஒரு சூரியன் தெரியும். நீங்க அத நசுங்கல்னு எழுதிட்டீங்க. தெருவே கூடி நிக்கு. நீங்க சத்தமாப் படிச்சீங்க. 'பழைய, நசுங்கிய'னு. நான் நசுங்கின கொடத்த வச்சுப் பொழச்சவள்னு நாலு பேரு நெனச்சிருப்பாங்கள்லா? கடன் போச்சு, கொடம் போச்சு, அதெல்லாம் ஆறிப் போச்சு. இந்த ஒரு சொல்லு மட்டும் ஆற மாட்டேங்கு."

அவர் அழவில்லை. கோபமாகத்தான் இருந்தார். பத்தொன்பது வருஷம் பத்திரமாக வைத்திருந்த கோபம், ஒரு நூல்கூடப் பிரியாமல் இருந்தது.

எழுந்துகொண்டார். "பகவதி தங்கமான பிள்ள. எம்மவன் பிரியப்பட்டுட்டான், நான் குறுக்க நிக்க மாட்டேன். அவங்க ரெண்டு பேரும் எங்க வேணாலும் மால மாத்திக்கிடட்டும். ஆனா அந்த எழுத்த நீங்க திருத்தாம, இந்த வீட்டுக்கு வந்து ஒங்க கையால நான் தாம்பூலம் வாங்க மாட்டேன். மிசினுக்கும் மீன் தொட்டிக்கும் அவ்வளவு வளைச்சு வளைச்சு எழுதத் தெரியுதுல்லா? என் கொடத்துக்கும் எழுதுங்க."

வாசல்வரை போனேன். பஸ் ஸ்டாண்டில் விடட்டுமா என்று கேட்டேன். நடந்துகொள்வேன் என்றார்.

பகவதி அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டாள். திறந்து வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. "எழுதிருவீங்கல்லப்பா?" என்று மட்டும் கேட்டாள்.

செப்டம்பர் 9, திங்கள்

எழுத வரவில்லை. ஆறு தாள் கிழித்தேன். பார்த்த பொருளைத்தான் என்னால் எழுத முடியும். நான் அந்தக் குடத்தைப் பார்க்கவே இல்லை என்பது இப்போதுதான் புரிகிறது. கையில் எடுத்து, எடை பார்த்து, பட்டியலில் ஏற்றி, காகிதத்தின் ஓரத்தில் அவர் குறித்து வைத்திருந்த முந்நூற்றுப் பத்து ரூபாய்க்கு ஏலம் விட்டிருக்கிறேன். பார்க்கவில்லை.

செப்டம்பர் 10, செவ்வாய்

பகவதி சொன்ன யோசனை. பாவூர்சத்திரத்துக்குப் போன் செய்தேன். "அம்மா, குடத்தைப் பத்திக் கொஞ்சம் கேக்கணும். எத்தனை குடம் தண்ணி எடுப்பீங்க?"

முதலில் வெடுக் வெடுக்கென்று பதில் வந்தது. ஒன்பது நடை. தெருமுனைக் குழாய். இடது இடுப்பு. கழுத்தில் என்ன எழுத்து வெட்டியிருந்தது என்று கேட்டேன். 'மு. சொர்ணம்' என்றார்.  பிறகு அவராகவே ஆரம்பித்தார். தண்ணீர் முக்கால் நிறைந்ததும் குடத்தின் சத்தம் மாறுமாம், அடுப்படியில் இருந்தே கேட்டு ஓடி வருவாராம். நவநீதன் நாலு வயதில் அதைக் கவிழ்த்துப் போட்டு மேளம் அடித்து, தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் கல்யாணம் செய்து வைப்பானாம். வெள்ளிக்கிழமை புளி போட்டுத் தேய்த்து வெயிலில் கவிழ்த்தால் பக்கத்து வீட்டுக்காரி, "உங்க வீட்டுக் கொடம் எங்க சுவத்துல புள்ளி போடுது" என்று வந்து பார்ப்பாளாம். சொல்லும்போது சிரித்தார். அவர் சிரித்து நான் கேட்டது இதுதான் முதல் தடவை.

நாற்பது நிமிஷம் பேசினோம். வைக்கும்போது, "எல்லாத்தையும் எழுதிராதீங்க அண்ணாச்சி, மேளம் அடிச்சதச் சொன்னா அவன் கோவிப்பான்" என்றார்.

அண்ணாச்சி என்றார். உலகம்மாளிடம் போய் இதைச் சொன்னேன். அவள் உடனே மளிகைப் பட்டியலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

செப்டம்பர் 11, புதன்

முடித்துவிட்டேன். ஆப்பில் எழுதித்தான் கை பழகியிருக்கிறது என்பதால் அதிலேயே எழுதினேன். வாசகம்:

"பித்தளைக் குடம் – 1. உரிமையாளர்: மு. சொர்ணம். கழுத்தில் அவர் பெயர் வெட்டியிருக்கும்.

தகப்பனார் மகளுக்குச் சீராகச் செய்து கொடுத்தது. வயிற்றைச் சுற்றி மூன்று வரிசையாகச் சுத்தியலால் தட்டிய குழிகள் உண்டு. செய்தவர் ஒவ்வொன்றையும் அளந்து தட்டியிருக்கிறார். புளி போட்டுத் தேய்த்து வெயிலில் கவிழ்த்தால் பக்கத்து வீட்டுச் சுவரில் வெளிச்சப் புள்ளி விழும். ஒரு நாளைக்கு ஒன்பது நடை தண்ணீர் சுமந்தது. நிறையப் போகிறது என்பதைத் தானே குரல் கொடுத்துச் சொல்லும். இந்தக் குடத்துத் தண்ணீரில் வளர்ந்த பிள்ளை இன்று இன்ஜினியர்.

19-7-2005 தேதியிட்ட பட்டியலில் இதைப் 'பழைய, நசுங்கிய' என்று எழுதியது தவறு. அழகுக்குச் செய்த வேலையை நசுங்கல் என்று எழுதினேன். எழுதியவன் நான். நிதானமாகப் பார்க்காமல் எழுதினேன். தெருவில் சத்தமாகப் படித்தேன். இப்போது அதைவிடச் சத்தமாகச் சொல்கிறேன்: குடத்தில் ஒரு நசுங்கலும் இல்லை.

இப்படிக்கு, சு. ஆவுடையப்பன், அமீனா (ஓய்வு)."

கடைசி இரண்டு சொல்லை எழுதிவிட்டு அழித்தேன். பிறகு மறுபடி எழுதினேன்.

பகவதி வந்ததும் காட்டி, காகிதத்தில் நகல் எடுத்து, நேரில் கொண்டுபோய்க் கொடுப்பதாகத் திட்டம். சேமிக்கும் பொத்தானை அழுத்திவிட்டுக் குளிக்கப் போனேன்.

அதே நாள், மதியம்

நான் அழுத்தியது சேமிக்கும் பொத்தான் இல்லை. பதிவு செய்யும் பொத்தான்.

பகவதி ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்து கத்தினாள். "யப்பா! இல்லாத கொடத்தையா ஏலத்துக்கு விட்டிருக்கீங்க!" பார்த்தேன். ஏழு பேர் கேட்டிருக்கிறார்கள்.  கைவசம் இல்லாத பொருளை ஏலம் விடுவது எவ்வளவு பெரிய தப்பு என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? சர்வீஸில் இருந்திருந்தால் சஸ்பெண்ட். அழிக்கப் போன நேரத்தில் போன் அடித்தது. சொர்ணத்தம்மாள்.

"அண்ணாச்சி! ஏழு பேரு கேக்காங்க!"

"தப்பா அழுத்திட்டேம்மா, இந்தா இப்பவே எடுத்திருதேன்—"

"எடுத்தீங்கன்னா பாருங்க! அப்படியே இருக்கட்டும். அய்யோ, எட்டு! அண்ணாச்சி, எட்டு ஆயிட்டு!"

பின்னால் மாப்பிள்ளையின் குரல், "சாப்பிட வந்தவன் திரும்ப ஆபீஸ் போணும்மா, போனக் குடு" என்று கெஞ்சியது.

ஆனாலும் மனசாட்சி விடவில்லை. அடியில் ஒரு வரி சேர்த்தேன்: "இந்தக் குடம் இப்போது எங்கள் கைவசம் இல்லை. எங்கிருக்கிறது என்றும் தெரியாது. உரிமையாளர் சம்மதித்தால் மட்டுமே ஏலம் செல்லும். விவரம் அறிந்து கேட்கவும்." இதைப் படித்தால் எல்லாரும் விலகிவிடுவார்கள் என்று நினைத்தேன்.

சாயங்காலத்துக்குள் இருபத்துமூன்று பேர்.

செப்டம்பர் 12, வியாழன்

சொர்ணத்தம்மாள் நான்கு முறை போன் செய்தார். மதுரையில் ஓட்டல் வைத்திருப்பவர் கேட்டிருக்கிறாராம். சேலத்தில் ஒரு டாக்டரம்மா கேட்டிருக்கிறாராம். "சிங்கப்பூர்ல ஒருத்தரு எங்கொடத்தக் கேக்காரு அண்ணாச்சி, அவருக்கு அங்க எதுக்குக் கொடம்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அடுத்த ஆளுக்குப் போனார். பக்கத்து வீடு, எதிர் வீடு எல்லாரையும் கூட்டி வாசித்துக் காட்டியாயிற்றாம். 'ஒரு நசுங்கலும் இல்லை' என்ற இடத்தை மட்டும் இரண்டு தரம் வாசிக்கச் சொல்கிறாராம்.

திருத்தம் எழுதியாயிற்று. ஆனால் ஞாயிற்றுக்கிழமை வருவாரா என்பதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. உலகம்மாள் கேட்கச் சொல்லித் தொடையில் கிள்ளினாள்.

செப்டம்பர் 13, வெள்ளி

சமையல்காரர் எத்தனை இலை என்று கேட்டார். அறுபது என்றேன். அறுபதா, முப்பதா என்று எனக்கே தெரியாது.

செப்டம்பர் 14, சனி

ஏலம் மாலை ஆறு மணிக்கு முடிகிறது. ஐந்தே காலுக்குச் சொர்ணத்தம்மாள் வந்து நின்றார். "கடைசி நேரத்துல கரண்டு போயிருச்சுன்னா? அதான் இங்கயே வந்துட்டேன்" என்றார். கரண்டுக்கும் போனுக்கும் என்ன சம்பந்தம், அதுவும் மின்வாரிய இன்ஜினியர் வீட்டில், என்று நாங்கள் கேட்கவில்லை.

என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். நடுவில் போன். பின்னால் உலகம்மாளும் பகவதியும், ராஜமணி டீச்சரும் அவர் மருமகனும். சொர்ணத்தம்மாள் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். மதுரை ஓட்டல்காரருக்கும் சேலம் டாக்டரம்மாவுக்கும் போட்டி. ஓட்டல்காரர் ஏற்றினால் சொர்ணத்தம்மாள், "விடாத டாக்டரம்மா!" என்கிறார். டாக்டரம்மா ஏற்றினால், "ஓட்டல்காரரு லேசுப்பட்டவரு இல்ல!" என்கிறார். ஐந்து ஐம்பத்தெட்டுக்கு டாக்டரம்மா பதினெட்டாயிரம் கேட்டார். ராஜமணி டீச்சர் கைதட்டினார்.

ஓட்டல்காரர் ஓய்ந்துவிட்டார். ஒரு நிமிஷம்தான் பாக்கி. எனக்குப் பழைய பழக்கம் தொண்டையில் வந்து நின்றது. "ஒரு தரம்" என்றேன் சத்தமாக.  "ரெண்டு தரம்."

மூன்றாவது தரத்தைச் சொல்லவில்லை. முப்பத்தொரு வருஷத்தில் யாரிடமும் கேட்காத கேள்வியைக் கேட்டேன்.

"குடுத்திரலாமாம்மா?"

சொர்ணத்தம்மாள் திரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நானும் அவர் முகத்தைப் பார்த்தேன்.

"குடுக்க மாட்டேன்" என்றார். சொன்னதும் தனக்கே நம்பிக்கை இல்லாததுபோல இன்னொரு முறை, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். "எங்கொடம். யாரு எவ்வளவு கேட்டாலும் நான் குடுக்க மாட்டேன். ரத்துன்னு எழுதுங்க."

எழுதினேன். ரத்துக்கான காரணம் கேட்டது ஆப். 'உரிமையாளருக்குக் கொடுக்க மனமில்லை' என்று அடித்தேன். எந்தக் கோர்ட்டிலும் இந்தக் காரணத்தை நான் எழுதியதில்லை. எழுதியிருந்தாலும் ஏற்றிருக்க மாட்டார்கள். ஆப் உடனே ஏற்றுக்கொண்டது. அரை நிமிஷத்தில் சேலத்து டாக்டரம்மாவிடமிருந்து பதில் வந்தது: "நானா இருந்தாலும் குடுக்க மாட்டேன்."

சொர்ணத்தம்மாள் அப்போதுதான் அழுதார். கூடவே சிரித்தார். பகவதி அவர் தோளைப் பிடித்துக்கொண்டு தானும் இரண்டையும் செய்தாள். என் கண்ணாடியில் நீராவி அடித்துவிட்டது, துடைத்துக்கொண்டேன்.

சொர்ணத்தம்மாள் முகத்தைக் கழுவிவிட்டு வந்து, முந்தானையால் துடைத்துக்கொண்டே சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார்.

"நாளைக்கு ராகு காலம் சாயந்தரம்தான். காலைல ஒம்பதரைக்கெல்லாம் நாங்க தட்டோட வந்து நிப்போம். வாசல்ல நின்னு கூப்பிடுதது ஒங்க பொறுப்பு, சம்பந்தி."